கேப்டன் கோட்டுக்கு வந்த சொந்தங்கள்

எங்கள் வீட்டு முன்னறையில் தாத்தாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் நின்று யாரும் பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் சட்டம். என் தம்பி பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரார் பல்லையெல்லாம் பார்த்தவனுக்குத் தன் பல்லை மூடத் தெரியாது.

படத்தில் தாத்தா நிற்கிறார். தோளில் பொன்னிழை, நெஞ்சில் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், முழங்கால் வரை கறுப்புக் கோட்டு. ஒரு கை செதுக்கு வேலை செய்த நாற்காலியின் முதுகில். பின்னால் கடல், கடலில் புகை விடும் கப்பல். முதுகு அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேர். கோட்டின் இடது கையில் அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு துளை. கடற்கொள்ளையர் சுட்டது என்று அப்பா சொல்லுவார். கோட்டு எங்கே என்று கேட்டால், "கப்பலோட போயிடுச்சு" என்பார். மேற்கொண்டு கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

தெருவில் எங்கள் வீட்டுக்குக் 'கேப்டன் வீடு' என்று பெயர். இரும்புக் கதவில் ஒரு பறவை உண்டு. ஒரு சிறகு மேலே, ஒரு சிறகு கீழே. கேப்டனின் முத்திரை. நான் வங்கி மேலாளராக இருந்த காலம் முழுக்க நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் அந்த நாற்காலிக்கு எதற்கு முதுகு என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். கேப்டன் வீட்டு முதுகு சாயாது.

அப்படிப்பட்ட படத்தைக் கேட்டு மியூசியத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆவணக் காப்பாளர். கழுத்தில் கயிற்றில் கட்டிய கண்ணாடி ஒன்று, தலையில் மறந்துபோன கண்ணாடி ஒன்று. அவளை அலுவலகத்தில் எல்லோரும் 'முடிச்சு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதையும் எதோடும் கட்டிவிடுவாளாம். மியூசியம், நகர நூலகம், பழைய நாடகக் கழகம் மூன்றும் தங்களிடம் உள்ள படங்களையும் பொருட்களையும் பற்றிய தகவல்களை ஒன்றோடொன்று பின்னி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்துவிடப் போகிறார்கள். அதன் முதல் பதிவாக எங்கள் கேப்டன் இருக்க வேண்டும் என்றாள். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வேறு யார் இருக்க முடியும்?

"எப்படிப் பின்னுவீங்க?" என்றேன்.

அவள் எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள். "ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஒரு முகவரி குடுப்போம் மேடம். அப்புறம் எல்லா விஷயத்தையும் மூணு துண்டாத்தான் எழுதுவோம். கரண்டி, இருக்குமிடம், மேசை. மேசை, உடையவர், நீங்க. மூணு துண்டு மூணு துண்டா எழுதிட்டா மெஷினே சேர்த்துப் பார்த்து, அப்ப கரண்டியும் உங்களோடதா இருக்கலாம்னு சொல்லும். ஒருத்தர் எழுதின துண்டோட இன்னொருத்தர் எழுதினதும் சேரும்."

"அக்கா, உட்காரும் விதம், நேர்" என்றான் தம்பி.

"தம்பி, மூடவேண்டியது, வாய்" என்றேன்.

முடிச்சு கைதட்டிவிட்டாள். "மேடம், நீங்க பிறவியிலேயே எங்க ஆளு!"

இந்த முறை எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வளவளப்பு இல்லை, குழைவு இல்லை. ஆகவே படத்தைத் தருவதற்கு ஒரு நிபந்தனை வைத்தேன். நான் சொல்லும் மூன்று துண்டை அவள் அப்படியே எழுத வேண்டும்: இந்தக் கோட்டு, அணிந்தவர், எங்கள் குடும்பத்தார் மட்டுமே.

முடிச்சு தலைக் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "மேடம், 'மட்டுமே'ன்னு போட்டா அது சட்டம் மாதிரி ஆயிடும். மெஷினுக்குச் சந்தேகப்படத் தெரியாது. அப்படியே நம்பும்."

"நம்பட்டும். மனுஷங்களுக்குத்தான் அந்த நல்ல குணம் இல்லை."

அவள் எழுதினாள். நான் என் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று இடத்துத் தகவல்களும் சேர்ந்த அன்று காலையில் போன் வந்தது.

"மேடம், உட்கார்ந்திருக்கீங்களா?"

"எப்பவும் போல."

"சாய்ஞ்சுக்கோங்க. உங்க குடும்பம் கொஞ்சம் பெருசாயிடுச்சு."

நானும் தம்பியும் மியூசியத்துக்குப் போனோம். முடிச்சின் அறை ஒரு காலத்தில் உடைந்த சிலைகளைப் போட்டுவைத்த கிடங்கு. இப்போது நீள மேசை, ஓயாமல் முனகும் இயந்திரம், எலும்பு வரை இறங்கும் குளிர்காற்று. மூலையில் இன்னும் ஒரு கல் மூக்கு கிடக்கிறது. யாருடைய மூக்கு என்று தெரியாததால் தூக்கிப் போட மனசு வரவில்லை என்றாள்.

திரையில் எங்கள் குடும்ப மரம். நான் போன மாதம் பார்த்தபோது அது நறுக்கென்று வெட்டிய செடிபோல் இருந்தது: தாத்தா, அப்பா, நான், தம்பி, தம்பி மகள். இப்போது புதர். நாற்பதுக்கும் மேலே கிளைகள். முடிச்சு ஒரு கிளையை அழுத்தினாள். பேக்கரிக்காரர் ஒருவர், மீசையில் மாவோடு, எங்கள் கேப்டன் கோட்டில் நின்றார். கீழே: 'உறவு: குடும்பத்தார்.'

அடுத்தது ஒரு பயில்வான். கோட்டு அவர் நெஞ்சைச் சுற்றி வர மறுத்து இரண்டு பக்கமும் தொங்கியது. உறவு: குடும்பத்தார். அடுத்தது கையில் கோழியோடு ஒரு மந்திர வித்தைக்காரர். குடும்பத்தார். கண்ணாடி போட்ட சிறுமி ஒருத்தி, கோட்டு தரையில் புரள. குடும்பத்தார். எல்லோருக்கும் பின்னால் அதே கடல், அதே கப்பல், அதே புகை. கடைசியாக அதே செதுக்கு நாற்காலியில், தோளில் கோட்டைப் போர்த்திக்கொண்டு, கேமராவை நேருக்கு நேர் பார்த்தபடி ஒரு நாய்.

'பெயர்: தெரியவில்லை. உறவு: குடும்பத்தார்.'

தம்பி மேசையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு மூச்சு வரவில்லை. "அக்கா... அக்கா... நம்ம அப்பா சாயல் அப்படியே இருக்கு!"

"வேற கோட்டா இருக்கும்" என்றேன்.

முடிச்சு பாவம்போல் படத்தைப் பெரிதாக்கினாள். கோட்டின் இடது கையில் அதே அவரைக்கொட்டைத் துளை. பேக்கரிக்காரருக்கும் துளை. பயில்வானுக்கும் துளை. மேலிருந்து மூன்றாவது பொத்தான் யாருக்குமே இல்லை. "ஸ்டுடியோக்காரங்க வாடகைக்கு வெச்சிருந்த கோட்டு மேடம். படம் பிடிக்க வர்றவங்க போட்டுக்கலாம். நூலகத்துல வீடு வீடா சேகரிச்ச படங்கள்ல இது வந்துகிட்டே இருக்கு. நீங்க சொன்ன சட்டம் இருக்கே, இதைப் போட்டவங்க குடும்பத்தார் மட்டுமேன்னு. மெஷின் நம்பிடுச்சு."

"கடற்கொள்ளையருங்க நாயைக்கூட விட்டுவைக்கலை அக்கா" என்றான் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் என் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துத் தாத்தாவின் படத்தைக் கால் முதல் தலை வரை பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் செருப்புக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு கால் தெரிந்தது. இரும்புக் கால்.

"அது என்ன?"

"பின்னால நிறுத்தி வைக்கிற தாங்கி மேடம். அந்தக் காலத்துல ரொம்ப நேரம் அசையாம நிக்கணும் இல்லையா? கழுத்துக்கும் இடுப்புக்கும் கொக்கி மாட்டிடுவாங்க. அதனாலதான் எல்லாரும் அவ்வளவு நேரா..." முடிச்சு என் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை அங்கேயே இறக்கி வைத்தாள்.

என் முதுகு அந்த அறையில் நேராகத்தான் இருந்தது. எனக்குக் கொக்கி தேவையில்லை.

"எல்லாத்தையும் அழி" என்றேன். "படத்தைத் திருப்பிக் கொடு."

"சட்டத்தை அழிச்சுடலாம் மேடம். ஆனா..." அவள் இரண்டு கண்ணாடியையும் ஒன்றாகப் போட முயன்றாள். "ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. முதல் பதிவோட குடும்பத்தார் எல்லாருக்கும் அழைப்பு தானா போற மாதிரி செஞ்சிருந்தோம். போயிடுச்சு. அவங்களோட பேரன் பேத்திங்க எல்லாரும் பதில் போட்டுட்டாங்க. ரொம்ப சந்தோஷமா."

திரையில் பதில்களைக் காட்டினாள். 'இத்தனை நாள் தெரியாம போச்சே, குடும்பத்தோட வர்றோம்.' 'அத்தைக்கு எங்க கும்பிடு சொல்லுங்க.' 'அத்தைக்குச் சர்க்கரை உண்டா? கேக் கொண்டு வரலாமா?' குடும்ப மரத்தில் உயிரோடு இருப்பவர்களில் மூத்தவள் நான் என்பதால் எல்லோருக்கும் நான் அத்தை ஆகிவிட்டேன். உலகத்தில் என்னை அத்தை என்று கூப்பிட உரிமையுள்ளவள் ஒரே ஒருத்தி, தம்பி மகள். அவளே யோசித்துத்தான் கூப்பிடுவாள்.

வீடு திரும்பும்போது தம்பி சொன்னான்: "கணக்கு சுலபம் அக்கா. கோட்டு நம்மளோடதுன்னா ஊரே நமக்குச் சொந்தம், நாய் உள்பட. அவங்க சொந்தமில்லைன்னா கோட்டு நம்மளோடது இல்லை. கோட்டு இல்லைன்னா கேப்டனும் இல்லை. எது வேணும், சொல்லு."

"கேப்டன் வேணும். அவங்க வேண்டாம்."

"அப்படி ஒரு மூணு துண்டு கிடையாது."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னாலும் நிலைமை அதுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் நான் வாயைத் திறந்ததும் கேப்டன் வீடு வெறும் வீடாகிவிடலாம்.

நான் ஆதாரம் தேடக் கிளம்பினேன். தினமும் முடிச்சின் அறையில் போய் உட்கார்ந்தேன். துறைமுகத்தின் பழைய பதிவுகளும் அந்த வலையில் சேர்ந்திருந்தன. கேப்டன்கள் வரிசையாக வந்தார்கள். எங்கள் கேப்டன் வரவில்லை. சரி, கப்பலிலிருந்து தேடுவோம் என்று கப்பலை அழுத்தினேன். ஸ்டுடியோ வந்தது. ஸ்டுடியோவிலிருந்து நாற்காலி. நாற்காலியிலிருந்து அதை நாடகத்துக்கு இரவல் வாங்கிய ஒரு ராஜா வேஷக்காரர். ராஜாவிலிருந்து அவர் மனைவி, மனைவியிலிருந்து அவள் தைத்த ஒரு சிங்கம், சிங்கத்தின் உள்ளே இருந்த இரண்டு சகோதரர்கள், மூத்தவர் வாங்கிய கோழி, கோழியிலிருந்து நம் மந்திர வித்தைக்காரர், அங்கிருந்து மறுபடி கோட்டு! ஒரு கதவைத் திறந்தால் ஒன்பது கதவு. யாரோ எங்கோ எப்போதோ எழுதி வைத்த மூன்று துண்டு, இன்னொரு ஊரில் இன்னொருவர் எழுதியதோடு டக்கென்று ஒட்டிக்கொள்கிறது. தலை கிறுகிறுத்தது. மதியச் சாப்பாடு மறந்துபோனது. எழுந்தபோது அறை சுற்றியது. மறுபடி உட்கார்ந்து இன்னொன்றை அழுத்தினேன்.

"மேடம், சிரிக்கிறீங்க" என்றாள் முடிச்சு.

"இல்லை. படிக்கிறேன்."

"பல்லு தெரியுதே."

"வெளிச்சம் அப்படி."

அப்போதுதான் அது வந்தது. நாடகக் கழகத்துப் பெட்டியிலிருந்து எடுத்த படம். பாதி வரைந்த ஒரு பெரிய திரைச்சீலை. கீழ்ப் பாதியில் அந்த ஸ்டுடியோக் கடலின் அலைகள் முடிந்திருந்தன, மேல் பாதி வெறும் துணி. அதன் முன் ஏணி. ஏணியில் பனியன் போட்ட ஒரு மனிதர், முழங்கை வரை சாயம், வாயில் கவ்வியிருந்த தூரிகையைச் சிரிப்பை அடக்க முடியாமல் கீழே விட்டிருக்கிறார். இடுப்பை வளைத்து, முதுகைக் கூனி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். படத்தின் அடியில் யாரோ கிறுக்கியிருந்தார்கள்: 'கேப்டனும் அவர் கடலும்.'

திரைச்சீலையின் கீழ் வலது மூலையில் ஒரு சின்னப் பறவை. ஒரு சிறகு மேலே, ஒரு சிறகு கீழே.

நான் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் வந்து பார்த்தான். முதல் முறையாக அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, தாத்தாவுக்குப் பல்லு எவ்வளவு அழகு" என்றான்.

நான் வீட்டுக்கு வந்தேன். கப்பல் ஓட்டியவர் இல்லை, கப்பல் வரைந்தவர். கடலை வரைந்ததால் கூட வேலை பார்த்தவர்கள் கேலியாகக் கேப்டன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கேலியைத் தூக்கி வாசலில் மாட்டி, அதற்குக் கீழே இரண்டு தலைமுறை முதுகை நிமிர்த்தி வாழ்ந்திருக்கிறோம். அன்று பூராவும் நான் வாசல் கதவுப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மியூசியக் கூடத்தில் நுழைந்ததும் கூட்டம் எழுந்து நின்றது.

"அத்தை வந்துட்டாங்க!"

பேக்கரிக்காரரின் பேரன் தொட்டில் அளவுக்கு ஒரு ரொட்டியை என் கையில் வைத்தார். பயில்வானின் பேத்தி பஸ் ஓட்டுகிறாளாம். கட்டிப் பிடித்ததில் என் கால் தரையை விட்டது. "அத்தை, எடையே இல்லையே! வீட்டுல சோறு போடறாங்களா?" என்று தம்பியை முறைத்தாள். மந்திர வித்தைக்காரரின் வழியில் வந்த ஒருவன் என் கைப்பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தான். நாங்கள் பையை முறையாக வைத்துக்கொள்ளும் குடும்பம். அதில் முட்டை இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு கணவன் மனைவி நடுவில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. "எங்க கொள்ளுத்தாத்தா வளர்த்ததோட வம்சம்தான் அத்தை" என்றார் அந்தப் பெண். நாய் என்னை மேலும் கீழும் பார்த்தது. நானும் பார்த்தேன்.

"அத்தை!" "இந்தப் பக்கம் அத்தை!" "அத்தை, ஒரே ஒரு செல்பி!" என்று எட்டுத் திசையிலும் கூப்பிட்டார்கள். கூடமே கிர்ரென்று சுழன்றது. முடிச்சு என் காதில், "மேடம், நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்னா வேண்டாம். சட்டத்தை நான் சத்தமில்லாம எடுத்துடறேன். யாருக்கும் தெரியாது" என்றாள்.

மைக்கின் முன் போய் நின்றேன். கேப்டன் வீட்டில் பொய் சொல்லும் வழக்கமில்லை.

"அந்தக் கோட்டு எங்களோடது இல்லை" என்றேன். "ஸ்டுடியோவோட வாடகைக் கோட்டு. எங்க தாத்தாவும் உங்க தாத்தாக்கள் மாதிரி அதை இரவல் போட்டுக்கிட்டவர்தான். அவர் கப்பல் ஓட்டினதில்லை. அதனால நீங்க யாரும் எனக்கு உறவு இல்லை. மெஷின் சொன்னது தப்பு. மெஷினுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது நான்."

பேக்கரிக்காரரின் பேரன் ரொட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று நின்றார். பஸ் ஓட்டும் பெண் கையைத் தூக்கினாள்.

"பரவாயில்லை அத்தை. ஆனா ஒண்ணு. எங்க வீட்டுப் படத்துல தாத்தாவைவிட அந்தக் கடல்தான் எனக்குப் பிடிக்கும். சின்ன வயசுல அதைப் பார்த்துத்தான் எதையாவது பெருசா ஓட்டணும்னு ஆசை வந்துச்சு. கப்பல் கிடைக்கலை, பஸ்ஸுதான் கிடைச்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. என் முதுகில் ஏதோ ஒன்று, இத்தனை காலம் மாட்டியிருந்த ஏதோ ஒன்று, கழன்றது.

"எல்லாரும் உங்க போனை எடுங்க" என்றேன். வங்கிக் குரல். எடுத்தார்கள். "உங்க வீட்டுப் படத்தைப் பாருங்க. தாத்தாவைப் பார்க்காதீங்க, அவர் எங்கேயும் போகமாட்டார். கீழே, வலது மூலை."

ஒரு நொடி. அப்புறம் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "பறவை!"

"எங்களோடதுலயும் இருக்கு!"

"எங்க கோழிக்குப் பக்கத்துல! நான் இதைக் கறைன்னு நினைச்சேன்!"

"இருக்கு அத்தை, இருக்கு!"

நாற்காலிகள் சாய்ந்தன. ஒருவர் போனை ஒருவர் பிடுங்கிப் பார்த்தார்கள். நாய் குரைத்தது. தம்பி ஒரு நாற்காலியில் ஏறி நின்று எங்கள் இரும்புக் கதவின் படத்தைத் தன் போனில் உயர்த்திக் காட்டினான்; அதைக் கண்டதும் கூடம் கப்பலே கிளம்பிவிட்டதுபோல் சத்தம் போட்டது.

"அந்தக் கடல் எங்களோடது" என்றேன். மைக் தேவைப்படவில்லை. "ஒவ்வொரு அலையும் எங்க தாத்தா போட்டது. உங்க தாத்தாக்கள் அத்தனை பேரும் எங்க கப்பல்ல ஏறினவங்க. ஒரு கப்பல்ல யார் யார் இருக்கலாம்னு முடிவு பண்ற உரிமை கேப்டன் வீட்டுக்குத்தான் உண்டு. அந்த உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போறதில்லை. எல்லாரும் இருக்கலாம். உட்காருங்க. நேரா உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். நேராக.

அன்று மாலையே முடிச்சின் அறையில் உட்கார்ந்து திருத்தினோம். கோட்டைப் பற்றிய என் சட்டம் போனது. புதிதாக: இந்தக் கடல், வரைந்தவர், கேப்டன். நாற்பதுக்கும் மேற்பட்ட கிளைகளில் 'குடும்பத்தார்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கப்பலில் வந்தவர்' என்று போடச் சொன்னேன். அப்படி ஒரு உறவு வகை உலகத்தில் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை என்றாள் முடிச்சு. இனிமேல் இருக்கும் என்றேன். எங்கள் வீட்டு முன்னறையில் மாட்ட, கோட்டுப் படத்துக்குப் பக்கத்தில், ஏணிப் படத்துக்கும் ஒரு பிரதி கேட்டேன். அதற்கு முன்னால் சிரிக்கத் தடையில்லை.

கிளை கிளையாகத் திருத்தி வந்தவள் கடைசியில் நின்றாள். "அத்தை," என்றாள். இவள் எப்போது மாறினாள் என்று நான் கவனிக்கவில்லை. "நாயை எடுத்துடவா? ஆரம்பத்துலேர்ந்தே உங்களுக்குச் சங்கடம்."

நான் பூதக்கண்ணாடியை வாங்கி அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். செதுக்கு நாற்காலி. தோளில் கோட்டு. நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தைத் தூக்கி, கண் சிமிட்டாமல் கேமராவைப் பார்க்கிறது. நாற்காலியின் கால்கள் நான்கு. எண்ணிப் பார்த்தேன். நான்கேதான். பேக்கரிக்காரர் பின்னால் இரும்புக் கால் உண்டு, பயில்வான் பின்னால் உண்டு, சொல்லவே வாய் வரவில்லை, தாத்தா பின்னாலும் உண்டு. இதற்கு மட்டும் இல்லை.

"அது இருக்கட்டும்" என்றேன்.

"அப்ப 'கப்பலில் வந்தவர்'னு மாத்தவா?"

"வேண்டாம். எந்தத் தாங்கியும் இல்லாம அவ்வளவு நேரா உட்கார்ந்திருக்கு. 'குடும்பத்தார்'னே இருக்கட்டும்."